கொள்வோன் வகையும் கொடுப்போன் கடமையும்

ஆசிரியரின் இலக்கணங் கூறப்புகுந்த பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டினார். அவ்வளவில் அமையாது, ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகளைத் தேடிக் கூறினார். அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்குநிறைந்த மடல்கள் சூழ நிற்கும் பனை, தானாகப் பழத்தை உதிர்த்தாலன்றி, ஏறிப் பறிக்க முயல்வோனுக்கு எதனையும் கொடாது. பழம் உண்டு, அதன் சுவையில் ஐயமில்லை, கீழே நிற்பவனின் பசியும் மெய்யே. இடையில் நிற்பவை மடல்கள். பனையைக் குறைகூறுவார் இல்லை, அது மரம். ஆசிரியர் மரமல்லர் என்பதே இவ்வுவமை உணர்த்தும் பொருளாகும்.

பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்தும் அந்நூல், கேட்போன் எவ்வாறு கொள்ள வல்லான் என்பதை அறிந்து, அவனது உள்ளம் ஏற்குமாறு கொடுத்தலை ஆசிரியரின் செயலாகவே வைக்கின்றது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண நூலொன்று கூறிய இக்கருத்து, உயர்கல்வி இணையவழியிலும் நடைபெறும் இக்காலத்தில் புதியதோர் அறவினாவாக எழுகின்றது. தம் துறையை நன்கு கற்றுத் தேர்ந்த விரிவுரையாளர் ஒருவர், அத்துறையைக் கண் காணாத, காது கேளாத, கை இயங்காத மாணவரும் கொள்ளத்தக்க வகையில் அமைக்கும் முறையையும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவரா? அன்றி, அஃது அவர் விரும்பினாற் செய்யும் உதவி மட்டுந்தானா? கடமையெனின், அக்கடமை அவருக்கு மட்டும் உரியதா? இவ்வினாக்கள் பயிற்சி வகுப்பு, சான்றிதழ், பதவியுயர்வு என்னும் நிருவாகச் சொற்களுள் மறைந்துபோவது வழக்கம். அவற்றை அறவியல் நோக்கில் ஆராய்தலே பொருத்தமாகும்.

வகுப்பறையில் மட்டும் கற்பித்தல் நிகழ்ந்த காலத்தில் இவ்வினா ஓரளவு மறைந்திருந்தது. கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும் ஆசிரியர் பலர் இருந்தனர். விழிப்புலனற்ற மாணவருக்கு அருகிலிருந்த நண்பர் மெல்லிய குரலில் எடுத்துக் கூறினார். விடுதியில் ஒருவர் நூலை வாசிக்க மற்றவர் கேட்டார். ஆசிரியர் அமைக்கத் தவறிய வழியை மாணவரின் நட்பு அமைத்துக் கொடுத்தது. இணையவழிக் கற்பித்தலில் மாணவர் தம் வீட்டில் தனித்திருக்கின்றார். அவருக்கும் பாடத்துக்கும் இடையே நண்பருக்குப் பதிலாகப் பொறியொன்று நிற்கின்றது. நண்பர் குறிப்பறிந்து உதவுவார். பொறியோ பெரும்பாலும் தன்னிடம் இடப்பட்டதையே திருப்பித் தரும். எனவே, எதனை எவ்வாறு இடுவது என்பதை அறிந்திருத்தல் கற்பித்தலின் ஒரு பகுதியாகிவிட்டது.

இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். விழிப்புலனற்ற மாணவர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டாகும். திரையிலுள்ள எழுத்தை அது ஒலியாகவோ, உரிய கருவி இருப்பின் தொட்டுணரும் பிரெயிலாகவோ மாற்றித் தருகின்றது. 2006இல் அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இருவர் தொடக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆதலாற் கருவியின் விலை முன்போற் பெருந்தடையன்று. ஆயினும், விரிவுரையாளர் அனுப்பும் குறிப்பு பழைய நூலொன்றின் பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்த பீ.டி.எவ். கோவையாயின், திரைவாசிப்பான் அதிற் காண்பது எழுத்தன்று, படமே. எழுத்தை இனங்காணும் மென்பொருளால் முன்னரே அது மாற்றப்படாதவிடத்து, 40 பக்கக் குறிப்பு அம்மாணவருக்கு 40 வெற்றுத்தாள்களாகவே அமையும்.

தமிழில் இத்தடை இன்னுமொரு வடிவிலும் உண்டு. இலங்கையிற் பெருவழக்காயிருந்து, இன்றும் முற்றாக நீங்காதுள்ள பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்ட குறிப்பு கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினிக்கு அது தமிழன்று. ஆங்கில விசைகளுக்குரிய குறிகளின் மேலே தமிழ் எழுத்தின் உருவம் போர்த்தப்பட்டுள்ளது, அவ்வளவே. ‘அம்மா’ என்னும் சொல் அவ்வெழுத்துருவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே பதிவாகின்றது. போர்வையைக் காணாத திரைவாசிப்பான் உள்ளிருக்கும் குறிகளையே ஒலிக்கின்றது. யுனிகோட் குறியீட்டு முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. அம்முறையில் தட்டெழுதினால் இவ்விடர் இல்லை. ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது இன்னொருவரின் கல்வியைத் தீர்மானிக்கும் செயலாகும் என்பதைத் தட்டெழுதுபவர் அறிந்திருப்பதில்லை.

செவிப்புலனற்ற மாணவருக்கு, எழுத்துரை சேர்க்கப்படாத காணொளி உதடசையும் ஊமைப்படம். வரைபடமொன்றைத் திரையிற் காட்டி, “இதோ, இது அதைவிட வேகமாக உயர்கின்றது, இந்த இடத்தில் திரும்புகின்றது” என்று கூறும் விரிவுரை, கண் காணாதவருக்குச் சுட்டுப்பெயர்களின் வரிசை மட்டுமே. எது, எதைவிட, எந்த ஆண்டில் என்று சொல்வதற்குக் கூடுதலாக வேண்டியவை சில சொற்களே. சுட்டியைக் கையாள இயலாதவர் விசைப்பலகையாலேயே ஒரு பக்கத்தில் நகரவேண்டும். தலைப்புகளைத் தலைப்புகளெனக் குறிக்காது, எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் காட்டிய ஆவணத்தில் அவர் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஊர்ந்தே செல்லவேண்டும். இவ்வாறு எல்லோரும் எட்டத்தக்கதாகப் பாடத்தை அமைக்கும் தன்மையே அணுகுமை எனப்படுகின்றது. உலகளாவிய வலையின் தொழினுட்ப நியமங்களை வகுக்கும் அமைப்பு இதற்கான வழிகாட்டிகளை 1999இல் முதலில் வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவை திருத்தியும் விரித்தும் வெளியிடப்பட்டன. ஆதலால் அறிவு இல்லாமையன்று குறை. அவ்வறிவு கற்பிப்போரைச் சென்றடையாமையே குறை.

மேற்கூறிய தவறுகள் எவற்றிலும் தீயநோக்கம் இல்லை என்பது நோக்கத்தக்கது. எந்த விரிவுரையாளரும் ஒரு மாணவரை விலக்கவேண்டுமெனக் கருதிப் பாமினியில் தட்டெழுதுவதில்லை. இங்கேதான் அறவியல் வினா கூர்மை பெறுகின்றது. அறியாது செய்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா? அரிஸ்டோட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் இதற்கு விடையொன்று கண்டார். அறியாமை மன்னிப்புக்குரியதாகலாம், ஆயினும், ஒருவர் அறிந்துகொள்ளக் கூடியதாயிருந்தும், அறிந்துகொள்ளவேண்டியவராயிருந்தும் அறியாதிருப்பின், அவ்வறியாமைக்கே அவர் பொறுப்பாளி என்பது அவர் கருத்து. மருந்தின் பக்கவிளைவை அறியாத வழிப்போக்கரை எவரும் குறைகூறார். அதனை அறியாத மருத்துவரைக் குறைகூறாதார் இலர். இருவரின் அறியாமையும் ஒன்றே. ஏற்றுக்கொண்ட தொழில் வேறு. கற்பித்தலைத் தொழிலாக ஏற்றவரின் அறியாமையும் இவ்வாறே எடைபோடப்படல் வேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நில்லாது ஒரு பல்கலைக்கழகத்தின் வாழ்விற் பேரிடராக வெடித்ததற்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் சான்றாகும். அவ்வளாகம் தன் விரிவுரைகளைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து, உலகத்தார் எவரும் கட்டணமின்றிக் கேட்கவும் பார்க்கவும் இணையத்தில் இட்டுவந்தது. வாஷிங்டனில் 1864 முதல் செவிப்புலனற்றோருக்கென இயங்கிவரும் காலடெற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிப்புலனற்ற இருவர், அவ்விரிவுரைகளுட் பல எழுத்துரையின்றி இருப்பதால் தம்மாற் பயன்கொள்ள இயலவில்லையென முறையிட்டனர். அமெரிக்க நீதித் திணைக்களம் ஆராய்ந்து, அம்முறைப்பாடு நியாயமானதென 2016 ஓகஸ்டில் அறிவித்தது. எழுத்துரை இன்மை மட்டுமன்றி, படங்களுக்கு விளக்கம் இன்மை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே போதிய நிறவேறுபாடு இன்மை ஆகியனவும் சுட்டப்பட்டன.

பல்கலைக்கழகம் எடுத்த முடிவு பலரையும் அதிர்ச்சிக்குள்ளாக்கியது. திருத்துவதற்கான செலவைக் காரணமாகக் காட்டிய பல்கலைக்கழகம், 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை 2017 மார்ச்சிற் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றத் தொடங்கியது. வளாகத்தைச் சார்ந்தோர் மட்டுமே அவற்றைக் காண இயன்றது. இருவர் கேட்க இயலாத விரிவுரைகள் இப்போது வளாகத்துக்கு வெளியேயுள்ள பொதுமக்களுக்கும் மூடப்பட்டனவாயின. வறிய நாடொன்றின் மாணவர், வேலைக்குச் சென்றுகொண்டே கற்றவர், முதியவர் ஆகிய யாவரும் இழந்தனர். சமத்துவம் வேண்டியோர் எல்லோருக்கும் கேடு விளைத்துவிட்டனர் என்னுங் கண்டனம் எழுந்தது.

இக்கண்டனத்தின் தத்துவ வடிவத்தை ஆங்கில மெய்யியலாளர் டெரெக் பாவிற் ஏலவே வகுத்திருந்தார். 1991இல் நிகழ்த்தி 1995இல் வெளியான தம் விரிவுரையில் அவர் எழுப்பிய ஆட்சேபம், தாழ்த்திச் சமப்படுத்தல் பற்றியதாகும். சமத்துவம் தன்னளவிலேயே நன்மையாயின், கண் காணாதோருக்கு எவ்வித நன்மையும் விளையாதவிடத்தும், காண்போரின் கண்களைப் பறித்து எல்லோரையும் குருடராக்குவதும் ஒருவகையில் நன்மையாகிவிடும் அன்றோ என்று அவர் வினவினார். அம்முடிவை ஏற்பார் இலர். பேர்க்லியில் நிகழ்ந்தது பாவிற் கற்பனை செய்த அந்நிலையை ஒத்ததாகவே தோன்றுகின்றது.

ஆயினும் இவ்வொப்புமையிற் பிழையொன்று உண்டு. முறையிட்ட இருவரும் பதிவுகளை அகற்றுமாறு கேட்கவில்லை. எழுத்துரை சேர்க்குமாறே கேட்டனர். அகற்றுதல் நிறுவனம் தேர்ந்த வழி. கண்ணைப் பறித்தது சமத்துவக் கோரிக்கையன்று. அக்கோரிக்கையை நிறைவேற்றுவதினும் மூடிவிடுதல் எளிதெனக் கண்ட கணக்கே. இன்னும் ஆழ்ந்து நோக்கின், அக்கணக்கு அத்துணைப் பெரிதாக வளர்ந்தது ஏன் என்னும் வினா எழுகின்றது. 20,000 பதிவுகளும் ஒரே நாளில் உண்டாகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விரிவுரையாளர் ஒரு நாளிற் பேசிய ஒரு மணித்தியாலமாக இருந்தது. அந்நாளிலே பேச்சை அமைக்கவும் எழுத்துரையைச் சரிபார்க்கவும் அவர் கற்றிருந்து, அதற்கான நேரமும் துணையும் அவருக்கு வழங்கப்பட்டிருப்பின், சுமை அன்றன்றே கழிந்திருக்கும். கழியாத சுமை ஆண்டுக்கணக்கிற் கூடி மலையாயிற்று. பின்னர் அம்மலையே திருத்தாமைக்கு நியாயமாகக் காட்டப்பட்டது. தன் தாமதத்தால் உண்டான செலவைத் தன் விலக்குக்குச் சான்றாகக் காட்டுதல் அறத்தின்பாற் படுமா என்பது சிந்தித்தற்குரியது.

இவ்வழக்கு 2022இல் நீதிமன்றத்தின் வழியாக உடன்பாடொன்றில் முடிந்தது. இணையத்திலுள்ள பாடங்களையும் விரிவுரைகளையும் அணுகத்தக்கனவாக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. அவ்வுடன்பாட்டின் நிபந்தனைகளுள் உரிய பணியாளருக்குப் பயிற்சி அளித்தலும் ஒன்றாகும். முதலில் நிகழவேண்டியது, ஆறு ஆண்டு வழக்கின் முடிவிலே ஒரு நிபந்தனையாக வந்து சேர்ந்தது. ஹாவட் பல்கலைக்கழகமும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும் எழுத்துரை தொடர்பாக 2015இல் வழக்குகளை எதிர்கொண்டு, முறையே 2019இலும் 2020இலும் உடன்பாட்டுக்கு வந்தன. அறிவிற் சிறந்த இந்நிறுவனங்களும் நீதிமன்றத்தின் வாயிலாகவே இதனைக் கற்கவேண்டியிருந்தமை, புலமை மிகுதி கற்பித்தற் கடமையைத் தானாக உணர்த்திவிடாது என்பதைக் காட்டுகின்றது. பேர்க்லி வளாகத்திலேதான், போலியோவினாற் கைகால் இயங்காதிருந்த எட் ரொபேர்ட்ஸ் 1962இல் மாணவராகச் சேர்ந்தார். மாற்றுத்திறனாளிகளின் சுதந்திர வாழ்வுக்கான இயக்கம் அங்கிருந்தே பரவியது. ஒரு நிறுவனத்தின் புகழ்மிக்க வரலாறுகூட அதன் ஒவ்வொரு விரிவுரையாளரின் கையிலும் தானாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கற்கவேண்டியுள்ளது.

இனி, இக்கடமைக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை நோக்கலாம். முதலாவது, “கேட்டாற் கொடுப்போம்” என்பது. மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் வந்து தம் தேவையைக் கூறின் அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கலாம். எவரும் கேளாதபோது எல்லாப் பாடங்களையும் மாற்றுவது வீண் உழைப்பு என இவ்வாதம் கூறும். கேட்போருக்குக் கொடுத்தல் நன்றே. ஆயினும் கேட்டலின் விலையைக் கேட்போரே அறிவர். திருக்குறள் ‘இரவு’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘இரவச்சம்’ என்னும் அதிகாரத்தையும் வைத்துள்ளமை ஆழ்ந்த பொருளுடையது. ஒரு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு விரிவுரையாளரிடமும், தம் உடலின் நிலையை விளக்கி, சான்று காட்டி, நினைவூட்டல் அனுப்பிக் காத்திருக்கின்றார். இதற்குள் மூன்று வாரங்கள் கழிந்துவிடுகின்றன. ஏனையோருக்கு உரிமையாகக் கிடைப்பது அவருக்கு இரந்து பெறுவதாகின்றது. மேலும், தம் குறையை வெளியிட விரும்பாதவர், வெளியிட அஞ்சுபவர், தமக்குக் கேள்வி குறைந்து வருகின்றதென்பதைத் தாமே இன்னும் உணராதவர் ஆகியோர் என்றும் கேட்கமாட்டார்கள். முன்கூட்டியே அமைக்கப்பட்ட பாடம் எவரையும் கேட்கவைப்பதில்லை. ஈகைக்கும் நீதிக்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது வாதம், எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுப்பதுதானே சமத்துவம் என்பது. 1979இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரையில் அமர்த்தியா சென், சமத்துவம் வேண்டுமெனின் எதிற் சமத்துவம் என்னும் வினாவை முன்வைத்தார். ஒரே அளவு பொருளைப் பெற்ற இருவர், அப்பொருளால் ஒரே அளவு செய்ய வல்லவராவதில்லை. உடலின் நிலை வேறாயின் பொருளின் பயனும் வேறாகும். ஆகவே கொடுத்ததை அன்றி, கொண்டவர் அதனால் என்ன செய்ய வல்லவரானார் என்பதையே நோக்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரே கோவையை நூறு மாணவருக்கு அனுப்பிய விரிவுரையாளர் நூறு பேருக்கும் ஒன்றையே கொடுத்ததாக எண்ணலாம். தொண்ணூற்றொன்பது பேர் பெற்றது பாடம்; ஒருவர் பெற்றது பூட்டிய பெட்டி.

மூன்றாவது வாதம் இக்காலத்துக்கே உரியது. பேச்சை எழுத்தாக்கவும் படத்தை விவரிக்கவும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துவிட்டன; ஆதலால் விரிவுரையாளர் எதனையும் கற்கவேண்டியதில்லை என்பர். பொறியின் உதவி பெரிதே. அதனை மறுத்தல் பேதைமை. எனினும் பொறி எழுதும் எழுத்துரை பிழைபடும் இடங்கள் பெரும்பாலும் கலைச்சொற்களும் இயற்பெயர்களுமே; அதாவது பாடத்தின் உயிர்நிலைகளே. அதனைப் பாடமறிந்தவரே திருத்த வல்லார். படத்தின் பொருளும் அத்தகையதே. இலங்கைப் படமொன்றைப் புவியியல் விரிவுரையாளர் மழைவீழ்ச்சியைக் காட்டுவதற்கும், வரலாற்று விரிவுரையாளர் பழைய துறைமுகங்களைக் காட்டுவதற்கும் பயன்படுத்துவர். படத்தில் என்ன உண்டு என்பதைப் பொறி கூறலாம். அஃது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பதைக் கூறவேண்டியவர் அதனை வைத்தவரே.

நான்காவது வாதமே வலிமை மிக்கது. விரிவுரையாளரின் நேரம் எல்லையற்றதன்று. ஆய்வு, விரிவுரை, விடைத்தாள் திருத்தம், நிருவாகம் ஆகியவற்றின் மேல் இதனையும் ஏற்றுவது நியாயமா? இயலாததைச் செய்யுமாறு எவரையும் அறம் பணிப்பதில்லை. ஆதலாற் கடமையைப் பகுத்து நோக்கல் வேண்டும். யுனிகோட்டில் எழுதுதல், தலைப்பைத் தலைப்பாகக் குறித்தல், படத்துக்கு ஓரிரு வரியில் விளக்கம் சேர்த்தல், திரையிற் காட்டுவதை வாயாலும் சொல்லுதல் ஆகியன ஆசிரியரின் கைவினையைச் சார்ந்தவை. கற்றபின் அவற்றுக்கு வேண்டிய மேலதிக நேரம் சிறிதே. சைகைமொழி உரைபெயர்ப்பாளரை அமர்த்துதல், பிரெயில் அச்சிடல், பழைய நூல்களை எழுத்தாக மாற்றுதல் ஆகியன தனியொருவராற் செய்யத்தக்கன அல்ல. அவை நிறுவனத்தின் கடமை. கற்பதற்கான நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தலும் நிறுவனத்தின் கடமையே. நேரங் கொடாது கட்டளை மட்டும் இடும் நிறுவனம், தன் கடன் சுமையைத் தன் பணியாளரின் தோளில் இறக்குகின்றது. நிறுவனத்தின் குறையைக் காட்டித் தம் கையால் இயன்றதையும் செய்யாதொழியும் விரிவுரையாளரும் அதே தவற்றின் மறுபுறத்தில் நிற்கின்றார்.

கடமை இதுவெனின், அதற்கான பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? வருகையேட்டிற் கையொப்பமிட்டு, அரைநாள் அமர்ந்து, சான்றிதழ் பெற்று எழும் பயிற்சிகள் உண்டு. சரிபார்க்கும் பட்டியலொன்றை மட்டும் கொடுக்கும் பயிற்சிகளும் உண்டு. பட்டியல் வேண்டியதே; ஆயினும் அது போதாது. ஏனெனில் தேவைகள் தம்முள் முரண்படுவதுண்டு. உதட்டசைவை நோக்கி விளங்கிக்கொள்ளும் மாணவருக்கு விரிவுரையாளரின் முகம் தெளிவாகத் தெரியவேண்டும். இணைய வசதி குறைந்த ஊரிலுள்ள மாணவருக்கோ காணொளியை நிறுத்தினாற்றான் குரலாவது கேட்கும். இவ்விருவரும் ஒரே வகுப்பில் இருப்பின் எப்பட்டியலும் விடை கூறாது. அரிஸ்டோட்டில் நீதியின் நெகிழ்ச்சியைப் பற்றிக் கூறுமிடத்து, லெஸ்பொஸ் தீவுக் கட்டடத் தொழிலாளர் கையாண்ட ஈயத்தாலான அளவுகோலை உவமை காட்டினார். அக்கோல் கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து அதனை அளக்கும். கற்பிப்போர் பெறவேண்டிய பயிற்சி அத்தகைய கோலைக் கையாளும் பயிற்சியாகும். நேரடி வகுப்பில் முகத்தைக் காட்டி, பின்னர் குரற்பதிவையும் எழுத்துக்குறிப்பையும் தனியே அனுப்பலாம் என்னும் தீர்வு, இரு மாணவரையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தவருக்கே தோன்றும். திரைவாசிப்பானை ஒருமுறை தாமே இயக்கி, தம் குறிப்பைக் கண்மூடிக் கேட்ட விரிவுரையாளர் அறியும் உண்மையை நூறு சுற்றறிக்கைகள் அறிவுறுத்தமாட்டா. அப்பயிற்சியை நடத்துவோருள் மாற்றுத்திறனாளிகளும் இடம்பெறல் வேண்டும். தடை எங்குள்ளதென்பதை மோதியவரே நன்கறிவர்.

இலங்கைக்கு இவ்வினா அந்நியமானதன்று. 1945 முதல் இலவசக் கல்வியைத் தன் சமூக வாழ்வின் அடித்தளமாகக் கொண்டுள்ள நாடு இது. 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கல்வி, ஆய்வு வலையமைப்பாகிய லேர்ணின் துணையுடன் சூம் வழியாக விரிவுரைகள் தொடர்ந்தன. பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்கும் ஒழுங்கு செய்யப்பட்டது. கட்டணத் தடை இவ்வாறு ஓரளவு நீங்கியது. எனினும் அலைவரிசை எட்டாத ஊர்களில் பாடசாலை மாணவரும் ஆசிரியரும் பாறைகளிலும் மரக்கிளைகளிலும் ஏறி இணையத்தைத் தேடியமை 2021இல் உலகச் செய்தியாயிற்று. கட்டணமின்மையும் அணுகுமையும் ஒன்றல்ல என்பதை அக்காட்சி புலப்படுத்தியது. மரத்தில் ஏறியவரைப் படம்பிடிக்க இயன்றது. கோவையைத் திறந்து வெறுமையைக் கேட்டுக்கொண்டிருந்தவரைப் படம்பிடிக்க இயலாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாத்தற்கென 1996இல் இயற்றப்பட்ட 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதிப்பதில் பாகுபாடு காட்டலைத் தடுக்கின்றது. பொதுக் கட்டடங்களுள் நுழையும் உரிமையையும் கூறுகின்றது. வாயிலைத் திறப்பது முதற்படி. வாயிலினுள்ளே நிகழும் பாடம் திறந்திருக்கின்றதா என்பது அடுத்த வினா. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும், 2016இல் இலங்கை பின்னுறுதிப்படுத்தியதுமான மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம் அவ்வினாவை நேரடியாகவே தொடுகின்றது. அதன் 24ஆம் உறுப்புரை, கல்வியின் எல்லா மட்டங்களிலும் பணியாற்றுவோருக்குப் பயிற்சியளித்தலை அரசுகளின் கடமையாக வைக்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் புதிதாக நியமனம் பெறும் தகுதிகாண் விரிவுரையாளர், தம் பதவியில் நிலைபெறுவதற்கு உயர்கல்விக் கற்பித்தல் பற்றிய பயிற்சிநெறியொன்றை நிறைவு செய்யவேண்டியுள்ளது. கற்பித்தலும் கற்கப்படவேண்டியது என்னும் கொள்கையை நாடு ஏற்றுவிட்டது என்பதற்கு இதுவே சான்று. அணுகுமையை அந்நெறியின் ஓரத்தில் ஒட்டிய இணைப்பாகவன்றி, அதன் நடுவே வைத்தல் அக்கொள்கையின் இயல்பான வளர்ச்சியாகும். நீண்டகாலம் பணியாற்றிய மூத்த பேராசிரியர்களையும் அது சென்றடைதல் வேண்டும். நிரந்தரமாக்கப்பட்ட நாளோடு கற்றலும் முடிந்துவிடுவதில்லை.

சக்கர நாற்காலிக்கென நடைபாதை விளிம்பில் அமைத்த சரிவிலே குழந்தை வண்டி தள்ளும் தாயும், சுமை இழுக்கும் தொழிலாளியும் செல்கின்றனர். செவிப்புலனற்றோருக்கெனச் சேர்த்த எழுத்துரையை இரண்டாம் மொழியிற் கற்கும் மாணவரும், இரைச்சல் மிகுந்த வீட்டிலிருந்து கற்பவரும் வாசிக்கின்றனர். இப்பயன் உண்மையே. ஆயினும் கடமையின் அடிப்படையை இப்பயனில் நிறுவுதல் தவறு. பலருக்குப் பயன்படாது ஒருவருக்கே பயன்படுமாயினும் கடமை கடமையே. எண்ணிக்கையைக் காட்டியே ஒருவரின் உரிமையை நிலைநாட்டவேண்டுமெனின், அவர் தனித்து நிற்கும் நாளில் அவ்வுரிமை மறைந்துவிடும்.

ஆகவே, அணுகத்தக்க வகையிற் கற்பிக்கக் கற்றல், புலமைக்குப் புறம்பான தொழினுட்பத் திறனுமன்று. இரக்கத்தின்பாற் செய்யும் கொடையுமன்று. உழவன் விதைத்தான் என்பதற்கு விதை கையைவிட்டு நீங்கியமை மட்டும் சான்றாகாது. அது மண்ணைச் சேர்ந்திருத்தல் வேண்டும். கற்பித்தல் என்னும் வினையும் கொள்வோனைச் சேருமிடத்தே முற்றுப்பெறுகின்றது. சேரும் வழியை அறியாதவர் அவ்வினையிற் பாதியையே அறிந்தவர். எஞ்சிய பாதியைக் கற்பதற்குரிய நேரமும் துணையும் அவருக்கு அளிக்கப்பட்டபின்னரும் அவர் கல்லாதிருப்பின், அவ்வறியாமையை அறியாமையெனக் கூறுதல் பொருந்தாது. அது தேர்ந்துகொண்ட நிலையாகும். அந்நேரத்தையும் துணையையும் அளியாத நிறுவனம் தன் விரிவுரையாளரைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றது. ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை அளக்க அதன் ஆய்வுநூல்களை எண்ணுவோர் எண்ணுக. கண் காணாத மாணவர் ஒருவர், அடுத்த திங்கட்கிழமைக்குரிய பாடக்குறிப்பை, எவரையும் கேளாமல், ஏனையோர் திறக்கும் அதே நேரத்திலே திறந்து வாசிக்க இயலுமா என்பதையும் அதனோடு சேர்த்து எண்ணுக.